சுபகிருதா, சோபகிருதா?

1930 ஜூலை 7, திங்கட்கிழமை. மலாயாவின் குளுவாங்குக்கு ரயிலில் வந்த தபாலில், உதவித்தொகைக் குழுவிடமிருந்து எனக்கொரு கடிதம். "உமக்கு இருபத்தேழு வயது கடந்துவிட்டது. இல்லையென்றால் வியாழன் நண்பகலுக்குள் சான்று காட்டவும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்."

 நான் விண்ணப்பித்திருந்தது, ரப்பர் பாலைக் கெடாமல் வைக்கும் ஆராய்ச்சிக்கு. இங்கிலாந்தில் மூன்று வருடம், முழுச் செலவும் அவர்களுடையது, முடிவில் டாக்டர் பட்டம். தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடம் குடுவை கழுவியபடி இதற்காகவே படித்தேன். எனக்கு இருபத்தாறுதான். அதை அறிந்த அப்பாவும் அம்மாவும் உயிரோடில்லை. ஜாதகமும் எழுதவில்லை.

மறுநாள் காலை நான் பிறந்த தோட்டத்துக்கு ஓடினேன். என் வயதுச் சான்றை எழுதித் தந்தவர் அங்கே கணக்கு எழுதும் கிராணி மாணிக்கம்.

"வாப்பா ரப்பர் டாக்டரு! மரத்துக்கு ஊசி போடக் கிளம்பிட்டியா?" என்று சிரித்தார். கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றது. பள்ளிப் பதிவேட்டை எடுத்தார். என் பிறந்த நாள் எழுதிய வரியில், தமிழ் வருடப் பெயரின் முதலெழுத்தில் மை பரவியிருந்தது. அவர் அதைச் சுபகிருது என்று படித்துச் சான்றில் 1902 என எழுதியிருந்தார். நான் பிறந்தது அடுத்த வருடமான சோபகிருதுவில்.

"அலமாக், ஐயையோ! ஒரு எழுத்துல மாட்டிக்கிட்டியே தம்பி. சோபகிருதுன்னு நான் எப்படி அடிச்சுச் சொல்றது? பொய்க் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிடும்லா."

அவர் சொன்னது நியாயம். வெளியே வந்தேன். இனி யாரிடம் போவது?

தோட்டத்து முருகன் கோயிலுக்குள் நுழைந்து பத்து வருடமாகியிருந்தது. படித்த கர்வம். அன்று போய் விழுந்தேன். "முருகா, எனக்கு வழி தெரியவில்லை." அவ்வளவுதான் சொல்ல வந்தது. அழுதுவிட்டேன்.

பூசாரி முனியாண்டி அருகில் வந்தார். "செவ்வாக்கிழமை அதுவுமா சாமி முன்னால அழுவுறியா? துன்னூறு பூசிக்க."

செவ்வாய்!

பதிவேட்டில் அந்த மைக்கறைக்குப் பக்கத்திலேயே 'ஆடி 20, செவ்வாய்' என்று இருந்தது. பள்ளி நாளிலிருந்து தினமும் தேதியோடு கிழமையும் குறித்து வைக்கும் நான், அந்தச் சொல்லைக் கண்ணால் கண்டும் கவனிக்கவில்லை. ஒரே தேதி அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் ஒரே கிழமையில் வராதே!

"பூசாரியண்ணே, பழைய பஞ்சாங்கம் ஏதாச்சும் இருக்கா?"

"கடாசக் கூடாதுன்னு எங்கப்பா கட்டிப் போட்டுட்டாரு. பரண்ல கிடக்கு, கரையான் விட்டு வச்சிருந்தா எடுத்துக்க."

பரணில் ஏறி மூட்டையை அவிழ்த்தேன். சுபகிருது, ஆடி 20: திங்கள். அடுத்ததைப் பிரித்தேன். சோபகிருது, ஆடி 20: செவ்வாய். ஆகஸ்டு 4, 1903.

வியாழன் பத்து மணி, ஜொகூர் பாரு. இரண்டு பஞ்சாங்கங்களையும், மாணிக்கம் நம்பிக் கொடுத்தனுப்பிய பதிவேட்டையும் குழுவின் வெள்ளைக்காரச் செயலாளர் முன் வைத்தேன். அவர் ஒரு தமிழ் எழுத்தர் மூலம் வரியைப் படிக்கச் செய்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய ஆங்கில நாட்காட்டி ஒன்றை எடுத்தார். பக்கங்கள் புரண்டன.  1903 ஆகஸ்டு 4, செவ்வாய் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"பெத்துல்," என்றார் மலாயில். சரிதான்.

மூன்று வருடம் கழித்துப் பட்டத்தோடு திரும்பினேன். இறங்கியதும் முதலில் போனது அந்தக் கோயிலுக்கு. செவ்வாய்க்கிழமைகளில் இப்போதும் போகிறேன்.

அன்பர்களே, விடை என் கண் முன்னால்தான் இருந்தது. அதைக் காணும் கண்ணைத்தான் முருகன் தந்தான். வழி அடைபட்டதென்று நினைப்பவர்கள் ஒருமுறை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதே வரியை மறுபடி படியுங்கள்.