பெட்ரோல் டேங்குக்கு ஒரு சட்டை

தையல்காரருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது அம்மணமாக நிற்பதாகவே தோன்றும். வீட்டில் மிக்ஸிக்கு உறை, ஃபேன் ரெகுலேட்டருக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை. குடை மழையில் நனைந்துவிடக் கூடாதென்று அதற்கும் ஓர் உறை. மழை வந்தால் அதன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அவரும் நனைந்துவிடுவார், குடையும் நனைந்துவிடும். "பொறந்த புள்ளையைக்கூட நாங்க இவ்வளவு சுத்தி வைக்க மாட்டோம்" என்பாள் மனைவி. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

இப்படிப்பட்டவரிடம் இருபத்தாறு வருஷமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அதில்தான். இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளக் கிடைத்த நேரமே அந்த ஒன்பது கிலோமீட்டர்தான். வீடு வந்தால் அவர் மெஷினில் உட்கார்ந்துவிடுவார், அவள் கட்டையைச் சாய்த்துவிடுவாள். அந்த வண்டி மேல் அவருக்கு உயிர். வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

போன மழையில் டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி வண்டி இருமியது. மெக்கானிக் கடை வைத்திருக்கும் மைத்துனன் எல்லாவற்றையும் துடைத்து, மூடிக்குப் புது வாஷர் போட்டுக் கொடுத்தான். விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் தையல்காரர் சும்மா இருப்பாரா? சோபா தைத்ததில் மிஞ்சிய மெரூன் ரெக்ஸினை எடுத்தார். டேங்குக்கு அளவெடுத்தார், இரட்டைத் தையல் போட்டார், மூடிக்கென்று தனியாக ஒரு தொப்பி வைத்தார். தொப்பிக்குள் ரப்பர் ஒட்டி, சுற்றிலும் ஆறு பிரஸ் பட்டன் அடித்தார். ஒரு சொட்டு புகாது. தெருவே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது.

வீட்டிலிருந்து ஜம்மென்று கிளம்பும். நாலாவது கிலோமீட்டரில், முடிவெட்டும் கடைக்கு முன்னால், இரண்டு தரம் விக்கிவிட்டு அணைந்துவிடும். "கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரலை மாமா, ஜெட் அடைச்சிருக்கும். கடைக்கு எடுத்துட்டு வாங்க" என்றான் மைத்துனன் போனில். கடைக்குப் போனால் கிரீஸ் கையால் உறையைத் தொடுவான். அதற்கு இவர் ஒப்புவாரா? ஊசி பிடித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தானே இறங்கினார்.

முதலில் தொப்பியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும். பிறகு குந்தி உட்கார்ந்து, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட் என்கிற துளியூண்டு பித்தளைத் திருகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊதி, மெல்லிய துணி தைக்கும் ஊசியால் குத்தி மாட்டுவார். உதைத்தால் கிளம்பிவிடும். கழற்றிய தொப்பியை வீட்டுக்கு வந்த பிறகுதான் துடைத்து மாட்டுவார். "பாத்தியா, கை ராசி!" என்பார். மறுநாள் அதே கடை வாசலில் கை ராசி பல்லிளிக்கும். முடிவெட்டுபவர் நேரம் பார்த்து நர்ஸம்மாவுக்கு உள்ளே ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டுவைக்கப் பழகிவிட்டார்.

இரண்டு மாதத்தில் ஜெட் முப்பது தடவை கழன்றது. அவளுக்கு வார்டு பொறுப்பைத் தருவதாக இருந்த மேட்ரன், இன்னொரு நாள் தாமதமானால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைக்கு நடுவுல நின்னுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தம்பி வாங்கற ஆளைக் கூட்டிட்டு வந்து வண்டியை வித்துடுவான். நான் பஸ்ல போயிக்கறேன்."

அன்று முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார்.

சனிக்கிழமை முடிவெட்டும் கடை வந்தது. வண்டி விக்கியது, நின்றது. கடை பூட்டியிருந்தது, நாற்காலியும் இல்லை. அதனால் முதல் தடவையாக அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவர் பட்டன்களை அவிழ்த்துத் தொப்பியைத் தூக்கினார். மூடியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தது.

"அது என்னங்க சத்தம்?"

"அது எப்பவும் வர்றதுதான். நின்னுட்டோமேன்னு பெருமூச்சு விடுது, பாவம்."

அவள் குனிந்தாள். மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. தொப்பியைப் புரட்டி ரப்பரைத் தடவிப் பார்த்தாள்.

"கார்புரேட்டரைத் தொடாதீங்க. அப்படியே உதைங்க."

"ஜெட்டைக் குத்தாம எப்படி..."

"உதைங்கன்னா!"

இரண்டாவது உதையில் கிளம்பியது. முப்பது தடவை குத்துப்பட்ட அந்த ஜெட் ஒரு பாவமும் அறியாதது.

"கண்ணாடி பாட்டில்ல குளுக்கோஸ் ஏத்தும்போது, காத்து உள்ள போக ஒரு ஊசி குத்தி வைப்போம்" என்றாள் பின்னால் ஏறிக்கொண்டே. "மறந்துட்டா கொஞ்சம் எறங்கும், அப்புறம் சொட்டு நின்னுடும். பெட்ரோல் எறங்கினா அந்த எடத்துக்குக் காத்து வரணுமில்ல? நீங்க மூக்கைப் பொத்தி வெச்சுட்டு வயித்துல ஊசி குத்திட்டு இருந்திருக்கீங்க!"

ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கியபோது டூட்டிக்கு நாலு நிமிஷம் மிச்சமிருந்தது. "ஆனா நடுவுல நின்னுடுச்சே" என்றார். அவள் உள்ளே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சொன்னபடியே ஆளோடு வந்து நின்றான். வண்டி மெரூன் சட்டையோடு வாசலில் இருந்தது.

"என்ன மாமா, தொப்பியில ஓட்டை?"

"ஓட்டை இல்லடா, காஜா."

மூடியின் துளைக்கு நேராக, ரப்பரோடு சேர்த்துக் காலையில் அவரே வெட்டியது. கத்தரிக்கோலை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பட்டு நூலில் சுற்றி எடுத்த அந்தக் காஜாவைப்போல் அவர் தொழிலில் இன்னொன்று எடுத்ததில்லை.

அவள் வெளியே வந்து, ஆபரேஷன் தையலைப் பார்ப்பதுபோல் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"வண்டியைக் குடுக்கறதா இல்லை."

"நேத்து நின்னுச்சுன்னு சொன்னியேக்கா?"

"மூக்கைப் பொத்தினா நீயும்தான் நிப்பே. ஆனா வந்தவரை வெறுங்கையோட அனுப்ப வேணாம், இரு."

உள்ளே போய் ஒரு கட்டைப் பை நிறையக் கொண்டுவந்து அந்த ஆளிடம் நீட்டினாள். மிக்ஸி உறை, ரெகுலேட்டர் உறை, ரிமோட் உறை, எல்லாவற்றுக்கும் மேலே குடை உறை. தையல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச வேண்டியதை நாளைக் காலை ஒன்பது கிலோமீட்டரில் பேசிக்கொள்ளலாம்.