சட்டைக் கையை விடாத ஹிசாயோ

நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த டூட்டிங்கில் பனி உறைந்து கிடந்த ஒரு காலையில், கடையிலிருந்து முட்டைப் பெட்டியோடு திரும்பும்போது வழுக்கி விழுந்தேன். முட்டைகளைக் காப்பாற்றப் பெட்டியை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். ஒரு முட்டைகூட உடையவில்லை. உடைந்தது என் வலது கணுக்கால்.

எண்பதுகளின் கடைசி அது. ஆஸ்பத்திரியில் பிராக்சர் (எலும்பு முறிவு) என்று சொல்லி, தகடு வைத்துத் திருகாணி பூட்டினார்கள். "இப்ப நீர் பாதி இரும்பு," என்று என் கணவர் கேலி செய்தார்.

கோடை வந்தபோது எலும்பு கூடிவிட்டது. நான்தான் நடக்கவில்லை. வாசற்படியைத் தாண்டினால் தலை சுற்றும், உடம்பெல்லாம் வியர்க்கும். என்ன வெட்கக்கேடு! சாரிச் சட்டை (ரவிக்கை) தைத்துக் கொடுப்பது என் தொழில். அளவெடுக்க ஆட்களை வீட்டுக்கு வரச் சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பில் குறையில்லை. விழுந்துவிடுவோம் என்ற பயம்தான் மிச்சம். அதற்கு என்னிடம் திருகாணி இல்லை," என்றார்.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், அது பாசாங்கு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கால் உண்மையாகவே மறுத்தது.

பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் தரும் சிகிச்சை) அறையில்தான் ஹிசாயோவைச் சந்தித்தேன். பக்கத்து ஊரான ஸ்ட்ரெதமில் குடியிருந்த ஜப்பான்காரி, என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். முழங்காலில் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இரண்டாம் தடவையாகக் கிழிந்து வந்திருந்தாள். இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை என்பதால் பேச்சு நன்றாகவே ஓடியது.

அவள் ஒரு காலத்தில் ஜூடோ வீராங்கனை. சிறுமியாகப் பழகத் தொடங்கியபோது பெண்களுக்குப் போட்டியே கிடையாதாம். பையன்களோடு மோதித்தான் பழகினாள். போட்டிகள் வந்ததும் தன் நாட்டின் சாம்பியன் ஆனாள், வெளிநாடுகளிலும் பதக்கம் வென்றாள். போட்டிக்கு முன் எடை குறைக்கச் சோற்றை நிறுத்திவிட்டு, கனவில் சோற்றுப் பானை கண்டதைச் சொன்னாள். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

கடைசிப் போட்டியைப் பற்றிக் கேட்டேன். எதிராளியைத் தூக்கி எறியும்போது அவர் சட்டைக் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டுமாம். அப்போதுதான் விழுகிறவரின் தலை தரையில் மோதாது. அன்று அவள் எறிந்த பெண் கோணலாக விழப் போனாள். ஹிசாயோ சட்டைக் கையை விடவில்லை. பாரம் முழுவதும் ஹிசாயோவின் முழங்காலில் இறங்கியது. போட்டியில் வென்றாள், ஆனால் அதற்குப் பிறகு களம் இறங்கவே முடியவில்லை.

"விட்டிருந்தால் உன் கால் தப்பியிருக்குமே?"

"தப்பியிருக்கும். அவள் கழுத்து?" என்றாள். "ஒவ்வொரு வருடமும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். கையெழுத்துத்தான் படு மோசம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த முறை அவள் தன் பழைய ஜூடோ சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். தொழில் புத்தி போகுமா? நான் தோள் மூட்டைத்தான் முதலில் பார்த்தேன். இரட்டைத் தையல்.

அன்று என்னைக் கூட்டிப்போக வந்த என் கணவர், நான் எழுந்ததும் ஓடிவந்து மேற்கையை உடும்புப்பிடியாகப் பிடித்தார். "பயப்படாதையும், நான் பிடிச்சிருக்கிறன்."

ஹிசாயோ அவர் கையைத் தட்டிவிட்டாள். "இப்படி இறுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள்." பிறகு அவர் விரல்களை எடுத்து என் சட்டைக் கையின் நுனியில் வைத்தாள். "இவர் விழாமல் பார்க்க உங்களால் முடியாது. நல்லபடியாக விழ வைக்கலாம்." என் பக்கம் திரும்பி, "விழும்போது கையில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள்," என்றாள்.

"இவ்வளவுதானோ?" என் கணவருக்கு ஏமாற்றம்.

"ஓம், இவ்வளவுதான். இனி நீங்கள் இறுக்கி என்ர கையில நீலம் பாயாது," என்றேன்.

அன்றிலிருந்து டூட்டிங் தெருவில் அப்படித்தான் நடந்தோம். "என்னக்கா, உங்களைத் துலைச்சுப்போடுவன் எண்டு அண்ணைக்குப் பயமோ?" என்று மரக்கறிக் கடைக்காரர் கேட்டார்.

அடுத்த பனிக்காலத்தில், அதே தெருவில் என் கணவரோடு நடக்கும்போது மறுபடியும் வழுக்கியது. முதல் தடவை கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிட்டேன். இந்தத் தடவை நேரம் தாராளமாக இருந்தது. முட்டைப் பெட்டியை விட்டேன். முழங்கால்களை மடித்தேன். கோட்டின் கை மேலே இழுபடுவது தெரிந்தது. கதிரையில் உட்காருவதுபோல் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"நொந்ததோ?"

"முட்டையெல்லாம் போச்சு," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் அப்போதும் என் கோட்டின் கையை விடவில்லை.

இந்த உடம்பு விழக்கூடியது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தனியாகவும் நடக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால், என் கோட்டின் கை தோளருகே பிரிந்திருந்தது. இரட்டைத் தையல் போட்டேன். பிறகு அவருடைய கோட்டையும் எடுத்து, அதன் கையிலும் போட்டேன்.