இரண்டாம் முறை போட்ட நங்கூரம்

அஜ்மானில் ஒரு பல் மருத்துவமனையில் எனக்கு வேலை. வரவேற்பு மேசை, இன்சூரன்ஸ் பேப்பர், நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. தர்மபுரிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வரும்வரை கடலில் காலை நனைத்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட நான் முப்பத்தாறு அடி பாய்மரப் படகை மலைகளுக்கு நடுவே ஒரு கடல்வாய்க்குள் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

படகு எங்கள் டாக்டருடையது. கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நாலு வருடம் முன்பு, வெள்ளிக்கிழமை படகில் உதவிக்கு யாராவது வருகிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டார். மற்ற யாரும் முன்வரவில்லை. எனக்கு அன்று லீவு, அதனால் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. ஒரு கிளப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, படகு ஓட்டச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். பாய் ஏற்றுவது, இறக்குவது, வீலைப் பிடிப்பது என்று எதைக் கேட்டாலும் டாக்டர் கொடுப்பார். நங்கூரத்தை மட்டும் கொடுக்கமாட்டார்.

"எங்கள் தீவில் நங்கூரம் நழுவினால் துறைமுகத்துக் காபிக் கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும்" என்பார். "அப்பா அந்த அவமானத்துக்கு ரொம்பப் பயப்படுவார். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது."

போன மார்ச்சில் டாக்டர் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஓமானின் முஸந்தம் கடற்கரைக்குப் போக நாள் குறித்து, பெர்மிட்டும் வாங்கியாகிவிட்டது. ரத்து செய்ய அவருக்கு மனமில்லை. "உன் கணவரையும் கூட்டி வா. நீ ஓட்டு, நான் உட்கார்ந்து சொல்கிறேன்" என்றார்.

என் கணவர் ஹம்ரியாவில் ஒரு யார்டில் ரிக்கர். கிரேன் தூக்கும் சுமைக்குச் செயின் கட்டுவதும், கீழே நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்டுவதும்தான் அவர் வேலை. அதற்கு முன் தோஹா தொழில்பேட்டையில் ஆறு வருடம் அதே வேலை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. திப்பா துறைமுகத்தை விட்டு வடக்கே கிளம்பிய அரை மணியில் வாந்தி எடுக்க ஆரம்பித்தவர், கோருக்குள் நுழைந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மொட்டை மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து நிற்கும் இடத்தைத்தான் அங்கே கோர் என்கிறார்கள். வெளியே அலை எப்படி அடித்தாலும் உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் இருக்கும். சுற்றுலாக்காரர்களை ஏற்றி வந்த மரப்படகு ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிர்ப்புறம், கரையை ஒட்டி ஓர் இடத்தை டாக்டர் காட்டினார்.

நங்கூரத்தை இறக்கும் மோட்டாருக்கு ஸ்விட்ச் வீலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் வீலில் நிற்பவருக்கு முன்முனையில் செயின் எப்படிப் போகிறது என்று தெரியாது. அங்கே நிற்பவர் கத்தினாலும் இன்ஜின் சத்தத்தில் கேட்காது.

"எதுக்குக் கத்தணும்?" என்றார் என் கணவர். "கிரேனுக்குக் காட்ற சைகையே போதும். விரலைக் கீழ காட்டிச் சுத்துனா இறக்கு, மேல காட்டிச் சுத்துனா தூக்கு. கைய விரிச்சு வீசுனா நிறுத்து. செயின்ல பத்து மீட்டருக்கு ஒரு செவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்குல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரல் காட்றேன்."

காற்றுக்கு முகம் கொடுத்துப் படகை நிறுத்தினேன். ஆழம் பன்னிரண்டு மீட்டர். முன்முனையில் நின்ற என் கணவரின் விரல் சுற்றியது, நான் ஸ்விட்சை அழுத்தினேன். நங்கூரம் தரையைத் தொட்டதும் படகை மெல்லப் பின்னால் போகவிட்டுச் செயினைக் கொடுத்தோம். ஆறு விரல் காட்டியபோது நிறுத்தினேன். பிறகு இன்ஜினை ரிவர்ஸில் போட்டு இழுத்தேன். நங்கூரம் தரையில் நன்றாகக் குத்தியிருந்தால் படகு அசையக்கூடாது.

கரையில் ஒரு வெள்ளைப் பாறையும் அதற்குப் பின்னால் ஒரு மரமும் ஒரே கோட்டில் தெரிந்தன. படகு நழுவினால் அவை விலகித் தெரியும் என்பதால் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விலகவில்லை.

"போதும், நன்றாக இருக்கிறது" என்றார் டாக்டர்.

முன்முனையில் என் கணவர் குனிந்து, இழுபட்டு நின்ற செயின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். பிறகு எழுந்து பின்னால் நடந்து வந்தார். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"நிக்கல" என்றார்.

"நிக்குதுங்க. பாறையும் மரமும் அப்படியேதான் இருக்கு."

"செயின் நடுங்குது. விட்டு விட்டு நடுங்குது. கெட்டியாப் புடிச்ச செயின் நடுங்காது. அடியில எதையோ வச்சு இழுத்துட்டிருக்கு."

டாக்டருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் பாறையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "முப்பது வருடமாக நங்கூரம் போடுகிறேன். இது பிடித்துவிட்டது" என்றார். குரலில் கோபமில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவரிடம்தான் நான் டியூட்டிக்குப் போகவேண்டும்.

என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக அவர் கட்டிய செயினுக்குக் கீழே ஆட்கள் நடந்து போயிருக்கிறார்கள். ஒருவர்மேலும் எதுவும் விழுந்ததில்லை.

"டாக்டர், நான் தூக்கிவிட்டு மறுபடி போடுகிறேன்" என்றேன்.

மரப்படகில் இருந்தவர்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். காது சூடாகிவிட்டது. ஆனாலும் ஸ்விட்சை அழுத்தினேன்.

நங்கூரம் மேலே வந்தபோது தனியாக வரவில்லை. மீன் பிடிக்கக் கடலடியில் போடும் கம்பிக்கூடு ஒன்று, துருப்பிடித்து நசுங்கிப்போனது, நங்கூர முனையில் தொப்பிபோல் மாட்டியிருந்தது. அதை மாட்டிக்கொண்டு எந்த நங்கூரமும் மண்ணில் இறங்காது. ஏதோ கல்லிடுக்கில் கூடு சிக்கியதால்தான் அவ்வளவு நேரம் அசையாததுபோல் காட்டியிருக்கிறது. டாக்டர் எழுந்து முன்னால் போய், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி அதைக் குனிந்து பார்த்தார். என் கணவர் கொக்கிக் கம்பால் கூட்டைக் கழற்றி மேலே இழுத்துப் போட்டார்.

இந்த முறை இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். கோரின் உள்மூலையில் தண்ணீர் வெளிர் பச்சையாகத் தெரிந்தது. அடியில் மணல். மறுபடி விரல் சுற்றியது, ஆறு சிவப்புக் குறி போனது. ரிவர்ஸில் இழுத்தபோது படகின் மூக்கு ஒருமுறை தாழ்ந்து நின்றது. என் கணவர் செயினில் கைவைத்து வெகு நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அது கிரேன் சைகை இல்லை.

மூன்று மணி சுமாருக்கு மலைக்கு மேலிருந்து காற்று இறங்கியது. அது எங்கள் கணக்கில் இல்லை. தண்ணீர் கறுத்துச் சுருங்க, படகு செயினை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. ஆனால் இடத்தை விடவில்லை. எங்களுக்குப் பிறகு வந்து, டாக்டர் முதலில் காட்டிய இடத்தில் நின்ற ஒரு மோட்டார் படகு பின்னால் நழுவிப் பாறைப் பக்கம் போனது. அதை ஓட்டியவர் இன்ஜினைப் போட்டு எங்கள் பக்கம் வந்து, கேப்டன் எங்கே என்று என் கணவரைப் பார்த்து ஹிந்தியில் கத்தினார்.

"பாய், கேப்டன் கிதர் ஹை?"

"கேப்டன் மேடம் ஹை. உன்ஸே பூச்சோ" என்றார் என் கணவர். மேடம்தான் கேப்டன், அவரையே கேளுங்கள் என்று என்னைக் கைகாட்டினார்.

எங்கள் படகோடு கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றேன். இரண்டு படகின் பாரத்தை இந்த நங்கூரம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இடப்பக்கம் வெளிர் பச்சையாகத் தெரியும் இடத்தில் மணல் இருக்கிறது, அங்கே போடுங்கள், இன்னும் இருபது மீட்டர் செயின் கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். படகு நின்றது. தூரத்திலிருந்தே கை உயர்த்தி சலாம் வைத்தார்.

டாக்டர் உள்ளே போய் ஒற்றைக் கையால் காபி போட்டுக் கொண்டுவந்தார். முதல் கோப்பையை என் கணவரிடம் நீட்டினார்.

"நானாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன்" என்றார் என்னிடம். "கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான் பார்த்தேன். அவரிடம் சொல்."

சொன்னேன். அவர் காபியைப் பார்த்துக்கொண்டே, "செயின்தான சொல்லுச்சு" என்றார். காது மடல் சிவக்கச் சிரித்தார். கல்யாணத்தன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

இப்போது டாக்டரின் கை குணமாகிவிட்டது. மாதம் ஒருமுறையாவது மூவரும் போகிறோம். நிறுத்தும் இடம் நெருங்கும்போது அவர் வீலை என்னிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். "எங்கே போடலாம், நீ சொல்" என்கிறார். தண்ணீரின் நிறத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நான் இடத்தைச் சொல்கிறேன்.