பேராசிரியர் கொடுத்த எண்கள்

பழைய கணினித் தட்டுகளான பிளாப்பிகளின் பெட்டியை மூடிவைத்துவிட்டு வந்த பிறகும் விரலில் அந்துருண்டை வாசனை போகவில்லை. கணினிக்கும் அந்துருண்டைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். "பட்டுப் புடவையக் காப்பாத்துறது இதைக் காப்பாத்தாதா தம்பி?" என்பார் எங்கள் பேராசிரியர். காரைக்காலின் உப்புக்காற்றை அவர் அப்படித்தான் சமாளித்தார்.

கணினிக்குத் தமிழ் தெரியாத நாட்கள் அவை. ஒவ்வோர் எழுத்துக்கும் தானே ஓர் எண் கொடுத்து, தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் எழுதினார். நான் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர். திரையில் 'கொ' முதல்முறையாகக் கொம்பும் காலும் பிசகாமல் வந்த அன்று மிக்சர் வாங்கிவந்து பிரித்தோம். விசைப்பலகையில் சிந்தியதற்கு அன்றே திட்டும் வாங்கினேன். எழுத்து சரியில்லை என்று யாராவது சொன்னால் உடனே எண்களை மாற்றிவிடுவார். "அட்டவணையா எழுதி வச்சிடலாமே சார்" என்பேன். "எழுதுனா நாளைக்கே பழசாயிடும். இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

ஓய்வுபெற்றதும் தன் வாழ்க்கையை அதே மென்பொருளில் எழுதினார். அந்த மென்பொருள் இருந்த கணினி துருப்பிடித்துப் போயிற்று. மிஞ்சியவை அவர் எழுதியதைச் சேமித்த பிளாப்பிகள். இன்றைய கணினியில் திறந்தால் திரை முழுக்கப் பிரெஞ்சு எழுத்துகள், தலையில் கோடும் காலில் வாலுமாக. அந்த எழுத்துகளுக்குரிய எண்களில்தான் தமிழை அவர் உட்காரவைத்திருந்தார். பக்கத்து வீட்டு பிரெஞ்சு பென்ஷன்காரர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "பிரெஞ்சுதாங்க. ஆனா ஜுரத்துல உளர்ற பிரெஞ்சு."

தேதிப் பைத்தியமான எனக்குச் சரியான தண்டனை. எந்த நாள், எந்த நிமிஷம் சேமித்தார் என்பது துல்லியமாகத் தெரிகிறது. என்ன எழுதினார் என்பது தெரியவில்லை. ஒரு பக்கத்தில் பிடிபடும் எழுத்து அடுத்த பக்கத்தில் வேறாகிவிடுகிறது.

இப்போது அவருக்கு மறதி நோய். மகளையே சில நாள் "யாருங்க நீங்க?" என்கிறார். "ஒரு பக்கமாவது அப்பாவுக்குப் படிச்சுக் காட்டிடணும்ண்ணே, அவரு யாருன்னு அவருக்குத் தெரியணும்" என்கிறாள் அவள். மாலைதோறும் போகிறேன். ஒரு குறியைக் காட்டி, "இது என்னங்க சார்?" என்கிறேன். திங்களன்று 'க' என்றார். செவ்வாயன்று அதையே 'ம' என்றார். இன்னும் ஒரு சொல்கூடச் சேரவில்லை.

இன்று திரையை உற்றுப் பார்த்தவருக்குப் பழைய வகுப்பறைக் குரல் வந்தது.

"யாரு எழுதுன புரோகிராம் தம்பி இது? அட்டவணைய எழுதி வைக்கத் தெரியாதா அவனுக்கு?"

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"தெரியலைங்க சார்."

"நாளைக்கு அவனைக் கூட்டிக்கிட்டு வாங்க. கேட்டாச் சொல்லிடுவான்."

"சரிங்க சார்" என்றேன்.