கவிழ்த்து வைத்த வெண்கலத் தம்ளர்

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு வெண்கலத் தம்ளர் கவிழ்ந்தே இருக்கும். மருமகள் எத்தனை முறை நிமிர்த்தினாலும் நான் திரும்பக் கவிழ்த்துவிடுவேன். அது எங்கள் வீட்டுக்காரர் சுருதி பிடித்த தம்ளர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வாக்கில் அவர் ஓசூர்ப் பக்கம் பெரிய மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு இரண்டாம் வாத்தியார். பெரிய வாத்தியார் வராத நாளில் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவரோ ஏழு வருஷத்தில் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. தளிச் சந்தையில் வெற்றிலை விற்கும் கன்னடக்காரிகூட, "ஏனு சாமி, உங்க வாத்தியாரு இன்னும் கல்லாட்டமா இருக்காரு?" என்று கேலி செய்வாள். என் வீட்டுக்காரருக்கு ஆர்மோனியம் வராது. அதனால் கடை கடையாகத் தட்டிப் பார்த்து, ஆர்மோனியத்தோடு ஒத்துப்போகிற அந்தத் தம்ளரை வாங்கியிருந்தார். காலியாக வைத்துக் கரண்டியால் தட்டினால் கணீரென்று சுருதி கிடைக்கும்.

பிஷப் வந்த திருவிழாவன்று பெரிய வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். இவருக்குக் கால் தரையில் படவில்லை. தொண்டை கட்டிவிடுமே என்று நான் மிளகுக் கசாயம் வைத்து, இவர் பிஷப்பை வரவேற்கக் கோயில் வாசலுக்குப் போன சமயம், அந்தத் தம்ளர் நிறைய ஊற்றி இவர் இடத்தில் வைத்தேன். பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது பாசத்தில் மறந்துபோனது.

பிஷப் உள்ளே வந்துவிட்டார். இவர் தம்ளரைப் பார்த்தார். குடிக்கவும் முடியாது, கோயில் தரையில் கொட்டவும் முடியாது. தட்டினார். 'டொம்' என்றது. அந்த 'டொம்'மிலேயே பாட்டை எடுத்தார். ஆண்கள் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் பாடினார்கள். பெண்கள் பக்கம் வாயை மட்டும் அசைத்தோம். பின்னாலிருந்த பெரியம்மா, "யாருடி செத்தது?" என்றாள். புத்தகம் பார்க்கத் தெரியாவிட்டாலும் அத்தனை பாட்டும் எனக்கு மனப்பாடம். அன்று ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் தம்ளரை மோந்து பார்த்தார்.

"பூசைக்கு முன்னாடி கசாயமா? யாரு வேலை இது?"



"நான்தானுங்க சாமி. ஆசைப்பட்டு வச்சேன், குடிக்கல" என்றார் இவர்.

ஒரு மாசம் கடைசி வரிசையில் மண்டி போட்டார். பெரிய வாத்தியாருக்கு அப்புறம் காய்ச்சலே வரவில்லை.

வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் என் முகத்துக்கு நேராகத் தம்ளரைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் விழாததைக் காட்டிய பிறகுதான் கோயிலுக்குச் செருப்பை மாட்டுவார்.

இப்போது மூக்கண்டப்பள்ளியில் மகன் வீட்டோடு இருக்கிறேன். நேற்று மருமகள் அந்தத் தம்ளரிலேயே காப்பி கொண்டுவந்தாள். குடிக்குமுன் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன். 'டொம்.' அன்றைய பாட்டு முழுவதையும் அதே சுருதியில் பாடி முடித்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்து, கழுவி, கவிழ்த்து வைத்தேன்.