சிரிக்காத ஒரு படம்

காலை எட்டு மணிக்கு, எங்கள் விடுதியில் படித்த ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அம்மா விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். புற்றுநோய். எங்கள் நர்ஸ் சிஸ்டர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் சாவு எனக்குத் திடுக்கிடும் செய்தியாக இல்லை. திடுக்கிட வைத்தது அவள் அடுத்துக் கேட்டது.

“பிரதர், பேனருக்கு அம்மா போட்டோ ஒண்ணு வேணும். சிரிக்கிற மாதிரி. போன்ல இருக்கதெல்லாம் முடி கொட்டுன பெறகு எடுத்தது. கல்யாணப் போட்டோவக் கரையான் தின்னுருச்சு. தையல் மிஷின் குடுத்த அன்னைக்கு நீங்க நெறைய எடுத்தீகளாம்ல? எடுக்க எடுக்கச் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்னு அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

சின்னமனூர் பிளக்ஸ் கடைக்கு மத்தியானத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும், நாலு மணிக்கு அடக்கம் என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

நான் பிரதரும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. தேனியில் ஒரு பெரிய கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில் ஆண்டறிக்கை எழுதுகிறவன். ஆனால் நிறுவனத்து ஜீப்பிலிருந்து இறங்குகிற ஆம்பளை யாராக இருந்தாலும் ஊர்க்காரர்களுக்குப் பிரதர்தான். திருநீறு பூசிக்கொண்டு போவதால் என்னைப் ‘பட்டை போட்ட பிரதர்’ என்று முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார்கள்.

லோயர் கேம்ப்பிலிருந்து ஆண்டிபட்டி வரை எங்கள் ஜீப் போகாத ஊர் குறைவு. விதவைகளுக்குச் சங்கம், தையல் வகுப்பு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், காசநோய்க்காரர்களுக்குச் சத்துமாவு, கண் முகாம், தடுப்பணை, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு விடுதி, யாருமற்ற கிழவர்களுக்கு ஒரு இல்லம். இது விளம்பரம் இல்லை. இவற்றால் பிழைத்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இத்தனையையும் நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. தீனி கடல் தாண்டி வர வேண்டும். அது வருவதற்கு முன்னால் என் அறிக்கை கடல் தாண்டிப் போக வேண்டும். அந்த அறிக்கையில் எல்லோருக்கும் ஒரே பெயர், பயனாளி.

இறந்துபோன அந்த அக்காவும் ஒரு பயனாளிதான். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதையில் உருண்டதில் புருஷன் போய்விட்டார். மகளை எங்கள் விடுதியில் சேர்த்தார், தானும் எங்கள் தையல் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு முடிந்த அன்று கோயில் மண்டபத்தில் வைத்து மிஷின் கொடுத்தோம். படம் எடுப்பது என் வேலை.

கேமராவைத் தூக்கியதும் அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கச் சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. அறிக்கைப் படத்துக்கு அது ஆகாது என்று எனக்குப் பட்டது. சிரிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. இயக்குநராக இருந்த ஃபாதர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சிரிக்கிற ஏழைக்கு எதற்கு உதவி என்று எங்கோ ஒருவர் நினைத்துவிடுவார் என்று நானாகவே பயந்துகொண்டேன். எல்லாம் தெரிந்தவன் என்கிற கொழுப்பு அப்போது என்னிடம் நிறைய இருந்தது.

“கொஞ்சம் சிரிக்காம இருங்கக்கா.”

“ஏன் பிரதர், பல்லு நல்லால்லையா?”

மண்டபத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி எடுத்தேன், மறுபடி சிரிப்பு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்று. “மிஷினக் குடுக்கும்போதே அழுகச் சொல்றீகளே, புடுங்கும்போது என்னத்தச் செய்யச் சொல்வீக?” என்றார். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரரை ஒரு நிமிஷம் நெனச்சுக்கோங்கக்கா” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மிஷின் சக்கரத்தின் மேல் கை அப்படியே இருக்க, அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் பட்டனை அமுக்கினேன்.

“சரியா இருக்கா பிரதர்?” என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷத்து அறிக்கைக்கு அதுதான் அட்டைப்படம். கண் பேசுகிறது என்று எத்தனையோ பேர் பாராட்டினார்கள். அந்த அக்காவுக்கு ஒரு பிரதி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் கண் முகாமுக்கு கேமராவில் இடம் வேண்டும் என்று சிரித்த படங்களை அன்று மாலையே ஒவ்வொன்றாக அழித்திருந்தேன்.

இருந்தது அந்த ஒன்றுதான். அதையே மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பிறகு போன் வந்தது. பின்னால் ஒப்பாரிச் சத்தம்.

“பிரதர், இது எங்கம்மாதேன். ஆனா இப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அப்பா செத்தப்பக்கூட எம்முன்னால அழுதது இல்ல. எதுக்கு இப்படி இருக்கு?”

வெயில் என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

“நான்தாம்மா உங்கப்பாவை நெனைக்கச் சொன்னேன். படத்துக்காக.”

“மத்த போட்டோ எல்லாம்?”

“அழிச்சுட்டேன்.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சரி பிரதர். ஆதார்ல இருக்கதப் போட்டுக்கிறோம். அதுல அம்மாவ யாரும் எதையும் நெனைக்கச் சொல்லல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். தபால்தலை அளவு முகத்தைக் கதவு அளவுக்கு இழுத்திருந்ததால் புள்ளி புள்ளியாகச் சிதறி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது யாரு தம்பி?” என்று என்னிடம் கேட்டார். பெயரைச் சொன்னேன்.

“அவளா? அவ எந்நேரமும் சிரிச்ச மூஞ்சியால்ல இருப்பா” என்றார்.

அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். இரண்டு பெண்கள் ஓடிவந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் நின்றவளிடம், “ஊரு ஊரா எம்புட்டுப் பேரப் பாக்குறவக, நம்ம வீட்டுச் சாவுக்கு எப்படி அழுகுறாக பாரு” என்றாள்.

அது அப்படி இல்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.