போயிட்டு வாரேன்

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. நடுவில் ஒரு பத்தியின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. கோடு போட்ட கை என்னுடையது.

அப்போது மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். செல்லூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த டீச்சர், புரோகிராமிங் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக் கொண்டுவந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அக்கம்பக்கத்து விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடம் நடத்திப் பழகிய குரல். எங்கள் அலுவலகத்திலும் அதே குரலில்தான் பேசுவார். எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி மண்ணும் தெரியாது. ஆனாலும் டீ ஆறியது தெரியாமல் நாற்பது பக்கம் படித்தேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற லூப்புக்கு எங்கே நிற்கவேண்டுமென்று சொல்லாவிட்டால், அது 'கிளம்புறேன்' என்று எழுந்து வாசற்படியில் ஒரு மணி நேரம் பேசுகிற விருந்தாளியாம். வாய்விட்டுச் சிரித்தேன்.

ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைத் தனியாகச் செய்துதரும் புரோகிராம் துண்டுக்கு, அவர் எழுதியிருந்தது அதைவிட நன்றாக இருந்தது. நம்ம ஊரில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வார்கள். ஃபங்ஷனும் நம்ம ஊர்ப் பிள்ளைதான். வேலைக்கு அனுப்பினால் முடித்துவிட்டு, கையில் விடையோடு, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும் என்று எழுதியிருந்தார். எனக்கே புரிந்துவிட்டது.

புரிந்ததோடு சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன தமிழ்ப் படிப்புத் திமிர் விடவில்லை. பாடப் புத்தகத்தில் பேச்சுத் தமிழா, நாலு பேர் கேலி பேச மாட்டார்களா என்று தோன்றியது. வாசற்படி விருந்தாளியைப் புத்தகத்தைவிட்டே விரட்டினேன். 'போயிட்டு வாரேன்' பத்தியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'செயற்கூறு தன் பணி நிறைவுற்றதும் மதிப்பினைத் திருப்பியளிக்கும்' என்று எழுதினேன். காட்டினால் டீச்சர் சண்டைக்கு வருவார். அதனால் காட்டாமலே அச்சுக்கு அனுப்பினேன். அதுதான் நான் செய்த அயோக்கியத்தனம்.

புத்தகம் வந்த அன்று அல்வாவோடு வந்தார். கூடவே இரண்டாவது புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நின்றபடியே அச்சான புத்தகத்தைப் புரட்டி ஃபங்ஷன் பக்கத்துக்குப் போனார். முதல்முறையாக அவர் குரல் தாழ்ந்தது.

"இதை யாரு தம்பி எழுதுனது?"

மொழியை மட்டும் கொஞ்சம் சரிபண்ணினேன் டீச்சர் என்று இழுத்தேன். பிள்ளைகள் பயப்படாமல் படிக்கட்டும் என்றுதான் அம்புட்டையும் எழுதியதாகச் சொன்னார். அல்வாவை வைத்துவிட்டு, அந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போறேன், தம்பி."

அவர் படியிறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவர் வரவேயில்லை. இரண்டாவது புத்தகமும் வரவில்லை. நானும் செல்லூர்ப் பக்கம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, கூச்சம்.

போன வாரம், ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஃபங்ஷன் மண்டையில் ஏறவில்லை என்று அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைக் கொடுத்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் விரல் வைத்துப் படித்தாள். சிரித்தாள்.

"இது எந்தப் புத்தகத்துலப்பா இருக்கு?"

"எதுலயும் இல்லம்மா. நான் அடிச்சுட்டேன்."